சிதையாமல் சேரும் செய்தி

செய்தி சென்று சேர்வது ஒன்று. அனுப்பியவாறே சென்று சேர்வது மற்றொன்று. செய்திப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே விரித்து எழுதியுள்ளனர். முதல் தந்தியை அடித்தவர் யார், வானொலி அலையை முதன்முதலில் கடல் கடந்து செலுத்தியவர் யார் என்பனவற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், 'வந்தது சரியாகத்தான் வந்ததா?' என்று கேட்டு, அக்கேள்விக்கு விடை காணும் வழிகளை வகுத்தவர்களை நாம் அவ்வளவாக அறியோம். அவர்களுடைய வரலாற்றை இவ்வுரையில் காண்போம். தந்திக் கம்பியில் தொடங்கும் அவ்வரலாறு, அமெச்சூர் வானொலியர் தம் வீட்டு மேசையில் லினக்ஸ் கணிப்பொறியோடு இணைத்த ஒரு சிறு மின்னட்டையில் வந்து நிற்கின்றது.

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் பிரிம்ரோஸ் என்னும் கம்பளி வணிகர் இருந்தார். 1887-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அவர், கான்சாஸ் மாநிலத்தில் தமக்காகக் கம்பளி வாங்கி வந்த முகவருக்கு ஒரு தந்தி கொடுத்தார். வணிகர் வழக்கப்படி அது குழூஉக்குறியில் அமைந்திருந்தது. அதில் வந்த 'பே' என்னும் சொல்லுக்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்பது அவர்களுக்குள் வகுத்துக்கொண்ட பொருள். வழியில் அச்சொல் 'பை' என்று மாறிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'வாங்கு' என்று பொருள். மோர்ஸ் குறியில் அவ்விரு சொற்களுக்கும் நடு எழுத்தில் மட்டுமே வேறுபாடு உண்டு. முதலாவதற்கு ஒரு புள்ளியும் ஒரு கோடும். இரண்டாவதற்கு இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும். ஆக, ஒரே ஒரு புள்ளி கூடிற்று. முகவர் ஏறத்தாழ 3,00,000 பவுண்டு கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு நேர்ந்த நட்டம் 20,000 டாலருக்கு மேலாயிற்று.

வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1894-இல் தீர்ப்பு வெளியாயிற்று. தந்தித் தாளின் பின்புறத்தில் ஒரு விதி அச்சிடப்பட்டிருந்தது. செய்தியை மறுமுனையிலிருந்து திரும்ப வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், சாதாரணக் கட்டணத்தில் பாதியைக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அங்ஙனம் செலுத்தாதவருக்குப் பிழையால் நட்டம் நேர்ந்தால், அவர் கொடுத்த கட்டணத்துக்கு மேல் கம்பெனி பொறுப்பேற்காது. பிரிம்ரோஸ் கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்கவில்லை. ஆகவே அவர் பெறத்தக்கது 1 டாலர் 15 சென்ட் மட்டுமே என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இவ்வழக்கில் சட்ட நுணுக்கம் இருப்பதோடு, செய்திக் கலையின் அடிப்படை உண்மை ஒன்றும் இருக்கின்றது. செய்தியை மட்டும் அனுப்பினால் போதாது. அது சிதைந்ததா இல்லையா என்பதை அறிவதற்காகச் செய்திக்கு மேலும் ஏதேனும் சிறிது அனுப்பியாக வேண்டும். அந்த மேல்மிகுதிக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கொடுக்க மறுப்பவர் பிழையின் விலையைக் கொடுக்க நேரும். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் பதிப்பாசிரியர்கள் பல படிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும் இக்காரணம் பற்றியே. ஒரே படியை வைத்துக்கொண்டு, எது மூலம், எது ஏடு எழுதியவர் கைப்பிழை என்று துணிவது அரிது.

தந்தி நிலையங்களில் மலிவான மற்றொரு காவலும் இருந்தது. செய்தியோடு அதன் சொற்களின் எண்ணிக்கையையும் அனுப்புவர்; பெறுபவர் சொற்களை எண்ணிப் பார்த்து ஒத்துக்கொள்வர். இவ்வழக்கம் பிற்காலத்தில் அமெரிக்க அமெச்சூர் வானொலியரின் செய்தித் தாள்களிலும் தொடர்ந்தது. ஒரு சொல் விடுபட்டாலோ மிகுந்தாலோ எண்ணிக்கை அதனைக் காட்டிவிடும். ஆனால், ஒரு சொல் மற்றொரு சொல்லாக மாறினால் எண்ணிக்கை மாறுவதில்லை. 'பே' என்பதும் ஒரு சொல். 'பை' என்பதும் ஒரு சொல். எண்ணிக்கையைக் காட்டிலும் கூர்மையான ஒரு சோதனை தேவைப்பட்டது.

அச்சோதனை கணிப்பொறியோடு பிறந்தது. கணிப்பொறி எழுத்தையும் எண்ணையும் 0, 1 என்னும் இரண்டே குறிகளின் வரிசையாகக் கொள்கின்றது. அக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். 1940-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹேமிங், வார இறுதியில் கணிப்பொறியிடம் ஒப்படைத்துச் சென்ற கணக்குகள் பாதியிலேயே கைவிடப்பட்டுக் கிடப்பதைக் கண்டார். பிழை நேர்ந்ததென்று பொறி அறிந்து நின்றுவிட்டது. பிழையை அறியத் தெரிந்த பொறிக்கு அதனைத் திருத்தவும் தெரிந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிகோலிற்று.

1961-இல் பீட்டர்சன், பிரவுன் என்னும் இருவர், எளிய மின்சுற்றினாலேயே இயற்றக்கூடிய ஒரு முறையை விளக்கி எழுதினர். அதன் கருத்தைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். 4725 என்னும் எண்ணை அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். அதனை 97-ஆல் வகுத்தால் மீதி 69. அனுப்புபவர் 4725-ஐயும் 69-ஐயும் சேர்த்து அனுப்புகின்றார். வழியில் 4725 என்பது 4785 ஆகிவிட்டது. பெறுபவர் தாமும் 97-ஆல் வகுத்துப் பார்க்கின்றார். மீதி 32 வருகின்றது. 69 எங்கே, 32 எங்கே! செய்தி சிதைந்தது தெளிவு. பீட்டர்சனும் பிரவுனும் விளக்கிய முறையில் வகுத்தல் சிறிது வேறுவிதமானது. பிட்டுகளுக்கென்று அமைந்த, கடன் வாங்குதல் இல்லாத வகுத்தல் அது. ஆயினும் மீதியைச் செய்தியின் வாலில் கட்டி அனுப்புவதே அதன் உயிர்நிலை. அம்மீதியைச் சரிபார்ப்பு எண் என்று குறிப்போம்.

பீட்டர்சன் 1960-களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் அவரும் பங்குகொண்ட குழு ஒன்று, தீவுகளுக்கிடையே கணிப்பொறிச் செய்திகளை வானொலி வழியாக அனுப்பும் முயற்சியில் ஈடுபட்டது. கம்பியை நம்ப இயலாத, கடல் சூழ்ந்த நாடு அது. 'அலோஹா' என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிற்று. நீண்ட செய்தியை ஒரே மூச்சில் அனுப்பாமல், 80 பைட்டுக்கு மேற்படாத சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பகுத்து அனுப்பினர். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புக்கும் 16 பிட்டுச் சரிபார்ப்பு எண் ஒன்று, உள்ளடக்கத்துக்கு வேறொன்று.

இங்கே ஓர் அரிய திருப்பம் நிகழ்ந்தது. தந்தியில், பிழை நேர்ந்ததா என்று அறிய விரும்பியவர் கூடுதல் கட்டணம் செலுத்தினார். அலோஹாவில் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் சாட்சியைத் தானே சுமந்து சென்றது. நல்ல பாக்கெட் வந்தால் மைய நிலையம் 'பெற்றேன்' என்று மறுமொழி கூறும். சிதைந்தது வந்தால் ஒன்றும் கூறாது. மறுமொழி வராவிடில் அனுப்பியவர் சிறிது பொறுத்து, அதே பாக்கெட்டை மீண்டும் அனுப்புவார். இரண்டு நிலையங்கள் ஒரே வேளையில் பேசி மோதிக்கொண்டாலும் இதே மருந்துதான். மௌனமே பிழையின் அடையாளம் ஆயிற்று.

இம்முறை அமெச்சூர் வானொலியரின் கைக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. ஊதியம் கருதாது, உரிமம் பெற்று, தம் கருவிகளைத் தாமே செய்தும் திருத்தியும் வானொலியில் பேசி மகிழும் இவர்கள் உலகெங்கும் உளர். கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் 1978 மே 31-ஆம் நாள் முதல் அமெச்சூர் பாக்கெட் ஒலிபரப்பு நிகழ்ந்தது. அதே நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவரில், டக்ளஸ் லாக்ஹார்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் டி.என்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியை உருவாக்கினர். ஒருபுறம் கணிப்பொறியையும் மறுபுறம் வானொலியையும் இணைத்து, நடுவே நின்று பாக்கெட் கட்டுவதும் பிரிப்பதும் சரிபார்ப்பதும் அப்பெட்டியின் வேலை. அமெரிக்காவில் 1980-இல் விதிகள் தளர்ந்ததும், அவ்வாண்டு டிசம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் பாக்கெட்டுகளை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம் ஒன்று எழுந்தது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்து அமெச்சூர்கள் தொடங்கிய 'டாப்பர்' என்னும் சங்கம் டி.என்.சி. பெட்டியைப் பகுதி பகுதியாக விற்று, வாங்குவோரே பூட்டிக்கொள்ளச் செய்தது. 1984-இல் 'ஏ.எக்ஸ்.25' என்னும் பொது ஒழுங்குமுறையின் இரண்டாம் பதிப்பு வெளியிடப்பட்டது. பெட்டி எவருடையதாயினும் பேச்சு ஒன்றாயிற்று.

அவ்வொழுங்குமுறைப்படி ஒரு பாக்கெட் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். முதலில் 01111110 என்னும் கொடி. இதோ பாக்கெட் தொடங்குகின்றது என்பதற்கு அது அறிகுறி. அதனை அடுத்துப் பெறுபவர், அனுப்புபவர் ஆகியோரின் அழைப்புக் குறிகள். பின்னர் 256 பைட் வரையிலான உள்ளடக்கம். அதன் பின் 16 பிட்டுச் சரிபார்ப்பு எண். இறுதியில் மீண்டும் கொடி. உள்ளடக்கத்திலேயே கொடியைப் போன்ற வரிசை வந்துவிட்டால் என் செய்வது? ஐந்து 1-கள் தொடர்ந்து வந்தால் அவற்றின் பின் ஒரு 0-வை அனுப்புபவர் செருகிவிடுவார். பெறுபவர் அதனை நீக்கிவிடுவார். எனவே ஆறு 1-கள் தொடர்ந்து நிற்பது கொடியில் மட்டுமே. இவ்வரிசை முழுவதும் 1200, 2200 அதிர்வுகள் கொண்ட இரண்டு ஒலிகளாக மாறி, நொடிக்கு 1200 பிட் வீதம் வானில் சென்றது. காதால் கேட்பவர்க்கு அது கரகரப்பான ஒரு சிணுங்கல்.

சரிபார்ப்பு எண் ஒத்துவராத பாக்கெட்டை டி.என்.சி. சத்தமின்றி எறிந்துவிடும். 16 பிட்டு எண் ஆதலின், முற்றிலும் குலைந்த ஒரு பாக்கெட் தற்செயலாகத் தேர்ந்து வர 65,536-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அங்ஙனமாயின், அமெச்சூரின் திரையில் சிதைந்த எழுத்துகள் தோன்றவே கூடாதன்றோ? ஆனால் தோன்றின. இவ்வரலாற்றின் சுவையான பகுதி இங்குதான் தொடங்குகின்றது.

விடையின் திறவுகோல், அமெச்சூர்களின் உலகுக்கு வெளியே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிடைத்திருந்தது. அங்கே பல வலைகளை இணைக்கும் ஒரு கணிப்பொறி இருந்தது. அதன் வழியாகச் சென்ற பாக்கெட்டுகள் ஒவ்வொரு கம்பியிலும் தவறாமல் சரிபார்க்கப்பட்டன. ஆனால் அக்கணிப்பொறியின் உள்ளே, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழப் பத்து லட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பைட்டுகள் இடம் மாறிவிட்டன. கம்பிக்குக் காவல் உண்டு. கணிப்பொறியின் உள்ளே காவல் இல்லை. அதனை நம்பியிருந்தோரின் நிரல்கள் பல சிதைந்தன. கடைசியில் அவர்கள் பழைய அச்சுத் தாள்களை எடுத்து வைத்து, வரிக்கு வரி கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது. சால்ட்சர், ரீட், கிளார்க் என்னும் மூவர் 1981-இல் படித்து 1984-இல் விரித்து வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, ஒரு முடிவுக்கு வந்தனர். வழியில் எத்தனை சாவடிகளில் சோதித்தாலும், கடைசி முனையில் செய்யும் சோதனைக்கு அவை ஈடாகா என்பதே அம்முடிவு.

இதனை மனத்திற் கொண்டு அமெச்சூர் நிலையத்துக்குத் திரும்புவோம். 1987-இல் மைக் செப்போனிசும் பில் கார்னும் 'கிஸ்' என்னும் எளிய முறையை வெளியிட்டனர். டி.என்.சி.யின் வேலைகளைக் குறைத்து, பெரும்பாலானவற்றைக் கணிப்பொறியே ஏற்றுக்கொள்ள அது வழி செய்தது. டி.என்.சி. வானிலிருந்து வந்த பாக்கெட்டைச் சோதிக்கும். நல்லதாயின் சரிபார்ப்பு எண்ணை நீக்கிவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும் கம்பி வழியாகக் கணிப்பொறிக்குத் தரும். அந்தச் சிறு கம்பியின் மேல் யாதொரு சோதனையும் இல்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியில் என்ன நேர்ந்துவிடப் போகின்றது என்பது அன்றைய எண்ணம். நூறு கிலோமீட்டர் வானில் பத்திரமாக வந்த செய்தி, அந்த ஒரு மீட்டரில் சிதையக்கூடும் என்பதைப் பின்னர் பலர் பட்டறிந்தனர். பழைய கணிப்பொறிகளின் தொடர்முனையில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம் இருந்தது. கணிப்பொறி வேறு வேலையாக இருந்து, வந்த பைட்டை எடுக்கத் தாமதித்தால், அடுத்த பைட் அதன் மேல் விழுந்து அதனை அழித்துவிடும். செய்தியில் ஒரு பைட் குறைந்ததைச் சொல்ல எவரும் இல்லை. பாக்கெட்டின் முடிவைக் காட்டும் குறியே தொலைந்தால் இரண்டு பாக்கெட்டுகள் ஒன்றாகிவிடும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து அமெச்சூர்கள் அக்கம்பிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வகுத்து, 'ஸ்மாக்' என்று பெயரிட்டனர். 16 பைட்டுகள் வரை காத்து வைக்கும் 16550 என்னும் சில்லும் பெரிதும் உதவிற்று.

இக்காலத்தில்தான் லினக்ஸ் வந்தது. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அவ்வமைப்பின் மூல நிரல் எவரும் படித்துத் திருத்தக்கூடியவாறு திறந்து கிடந்தது. தம் கருவியைத் தாமே பிரித்துப் பார்த்துப் பழகிய அமெச்சூர்களுக்கு அது இயல்பாகவே உவப்பாயிற்று. வேல்ஸ் நாட்டு அமெச்சூர் ஆலன் காக்ஸ் ஏ.எக்ஸ்.25 ஒழுங்குமுறையை லினக்ஸுக்கு முதலில் எழுதினார். ஜானதன் நெய்லர் அதனை விரித்து வளர்த்தார். 1996-இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பதிப்பின் உட்கருவிலேயே அமெச்சூர் வானொலிக்கு இடம் கிடைத்தது. பாக்கெட் அட்டைகளுக்கும் மோடங்களுக்கும் உரிய இயக்கு நிரல்களை ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளின் அமெச்சூர்கள் எழுதிச் சேர்த்தனர்.

அவ்வட்டைகள் பலவற்றின் நடுவே இசட்8530 என்னும் சில்லு இருந்தது. கொடியை அறிவதும் சரிபார்ப்பு எண்ணைக் கணிப்பதும் அதன் வேலை. பைட் ஒன்று வந்ததும் அது கணிப்பொறியின் கதவைத் தட்டும். கணிப்பொறி கைவேலையை நிறுத்திவிட்டு வந்து எடுத்துச் செல்ல வேண்டும். வாசலில் மூன்று பைட்டுகள் மட்டுமே காத்திருக்க இடம் உண்டு. நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒரு பைட் வர ஏறத்தாழ 6.7 மில்லிநொடி ஆகும். ஆதலின் அவகாசம் தாராளம். 9600 பிட் வேகத்தில் மூன்று பைட்டுகளுக்கு 2.5 மில்லிநொடிதான். 56,000 பிட் வேகத்திலோ அரை மில்லிநொடிக்கும் குறைவு. கனடாவின் ஆட்டவா நகரத்து அமெச்சூர்கள் வடிவமைத்த அட்டை, கதவைத் தட்டாமல் தானே நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாட்டைப் பெற்றிருந்ததற்கு இதுவே காரணம். மறுகோடியில், பவேரியாவிலிருந்து பரவிய 'பேகாம்' என்னும் மிக எளிய மோடம் இருந்தது. அதில் பைட்டுக்கு அன்று, பிட்டுக்குப் பிட் கணிப்பொறியே கவனிக்க வேண்டும்.

அந்நாளைய லினக்ஸில், வன்வட்டில் எழுதும்போதும் படிக்கும்போதும் பிற கருவிகள் கதவைத் தட்டும் ஓசை கணிப்பொறிக்குக் கேட்காதவாறு செய்து வைக்கும் வழக்கம் இருந்தது. வட்டின் பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு அது. அதன் விளைவாக, வட்டு சுழன்று வேலை செய்யும் கணத்தில் பாக்கெட்டுகள் கெட்டன. வட்டு ஓய்ந்திருக்கும்போது நலமாக வந்தன. வானொலியைக் குறை கூறி, ஆண்டெனாவை மாற்றி, ஒலியளவைத் திருகிக் களைத்தவர்கள், வட்டின் விளக்கு மின்னும் வேளையையும் பாக்கெட் கெடும் வேளையையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உண்மை அறிந்தனர். ஓசையை மறைக்காதே என்று வட்டின் நிரலுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். ஆண்டெனாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இத்தகைய பட்டறிவிலிருந்து ஓர் ஒழுங்கான ஆராய்ச்சி முறை உருவாயிற்று. அதன் முதற்படி, 'வரவில்லை' என்பதையும் 'சிதைந்து வந்தது' என்பதையும் வேறு பிரித்து அறிதல். வானில் இரைச்சல் மிகுந்தாலும், ஒலியளவு வரம்பு மீறினாலும், உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியினும் மெலிந்து போனாலும், ஒலிபரப்பி முழு வலிவு பெறுமுன் பாக்கெட் தொடங்கிவிட்டாலும், சரிபார்ப்பு எண் ஒவ்வாது, பாக்கெட் எறியப்படும். அதாவது அது வராது. 9600 பிட் வேகத்துக்குரிய மோடங்களில் பிட்டுகளைக் கலைத்து அனுப்பி மறுமுனையில் அடுக்கும் ஏற்பாடு உண்டு. அதில் வானில் நேர்ந்த ஒரு பிழை அடுக்கிய பின் மூன்றாகும். அப்போதும் பாக்கெட் வாராதே ஒழியும். ஆகவே பாக்கெட்டுகள் குறைந்தால் வானையும் ஒலியையும் ஆராய்க. சிதைந்தவை வந்தால் சோதனைச் சாவடிக்கு இப்பால் ஆராய்க.

இரண்டாம் படி, சிதைந்ததாகத் தோன்றுவது உண்மையிலேயே சிதைந்ததுதானா என்று காணுதல். டி.என்.சி. பெட்டிகளில், ஒவ்வாத பாக்கெட்டுகளையும் காட்டு என்னும் கட்டளை ஒன்று உண்டு. அதனை யாரேனும் இட்டுவிட்டு மறந்திருந்தால் திரை முழுவதும் குப்பையாகத்தான் தெரியும். வாங்கி வாயிலை அடைக்காமல் வெறும் இரைச்சலை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தால், 65,536-இல் ஒன்று என்னும் அரிய வாய்ப்பும் எப்போதேனும் கைகூடி, உலகில் எவருக்கும் இல்லாத அழைப்புக் குறி ஒன்று பேய் போல் தோன்றி மறையும். மற்றொன்றும் உண்டு. நிலையங்கள் தமக்குள் வழி கூறிக்கொள்ளும் பாக்கெட்டுகளும், சுருக்கிக் கட்டிய கோப்புகளும் எழுத்தாகப் படிப்பதற்கு உரியன அல்ல. அவற்றை எழுத்தாக அச்சிட்டால் பிதற்றலாகத் தோன்றும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்குகின்றது. நமக்குத் தெரியாத மொழி, தெரியாத மொழியேயன்றிக் கெட்ட மொழி அன்று.

மூன்றாம் படி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல். வரிக்கு வரி எண்ணிட்ட, நன்கறிந்த ஒரு பாடத்தை அனுப்பச் செய்து, வந்ததை மூலத்தோடு ஒப்பிடுவர். அருகிலுள்ள மற்றொரு நிலையத்திலும் அதனையே கேட்கச் செய்வர். அங்கே நலமாகவும் இங்கே கெட்டும் இருந்தால் பிழை இவ்வீட்டினுள் இருக்கின்றது. தொடர்முனையின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பர்; ஒரே கதவை இரண்டு அட்டைகள் தட்டுகின்றனவா என்று பார்ப்பர்; வாசலில் இடமின்றித் தொலைந்த பைட்டுகளின் எண்ணிக்கையை லினக்ஸ் எழுதி வைக்கும் பட்டியலில் பார்ப்பர். பில் கார்ன் அமெச்சூர் வானொலிக்குக் கொண்டுவந்த டி.சி.பி. முறை மேலும் ஒரு சான்று தந்தது. அது முனைக்கு முனை தனக்கெனச் சரிபார்ப்பு எண் உடையது. சாதாரண எழுத்து கெட்டு வரும் அதே பாதையில், டி.சி.பி. வழியே அனுப்பிய கோப்பு தாமதமாயினும் நலமாக வந்து சேர்ந்தால், பிழை வானில் அன்று, வானுக்கும் திரைக்கும் இடையே என்பது உறுதி.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காரரின் கவலைகள் என்று எண்ணிவிடலாகாது. 1990 ஜனவரியில் ஏவப்பட்ட, இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தார் செய்த துணைக்கோள் ஒன்று, பாக்கெட்டுகளை ஓரிடத்தில் வாங்கி மற்றோர் இடத்தின் மேல் செல்லும்போது இறக்கிற்று. பின்னர் அது 'சேட்டல்லைஃப்' என்னும் அமைப்பின் வழியாக, தொலைபேசியும் சரிவர எட்டாத ஆப்பிரிக்க மருத்துவர்களுக்கு மருத்துவச் செய்திகளைக் கொண்டு செல்லப் பயன்பட்டது. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் விளைவது கம்பளி வணிகரின் நட்டம் அன்று; உயிர். அத்தகைய துணைக்கோள்களுக்கு வகுத்த முறையில், பாக்கெட்டுக்குப் பாக்கெட் உள்ள சோதனை போதாதென்று, கோப்பு முழுவதற்கும் தனியாக ஒரு சரிபார்ப்பு எண் வைத்தனர். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்து, அவ்வெண்ணும் ஒத்த பின்னரே கோப்பு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மூவர் கட்டுரை கூறிய கடைசி முனைச் சோதனை இங்கே நடைமுறையாயிற்று.

இப்பாடம் அமெச்சூர்களோடு நின்றுவிடவும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்னும் இருவர் இணையத்தில் ஓடும் பாக்கெட்டுகளை ஆராய்ந்தனர். கம்பியின் சரிபார்ப்பு எண் நானூறு கோடியில் ஒன்று தவிர மற்றப் பிழைகளையெல்லாம் பிடித்துவிட வேண்டிய இடங்களிலும், 1,100-இல் ஒன்று முதல் 32,000-இல் ஒன்று வரையான பாக்கெட்டுகள் டி.சி.பி. சோதனையில் தோற்றதை அவர்கள் கண்டனர். பிழையின் பிறப்பிடம் பெரும்பாலும் கம்பி அன்று. கணிப்பொறிகளின் நினைவகமும் நிரல்களும் இடைநிலைக் கருவிகளுமே. அமெச்சூர்கள் தம் மேசையில் சிறிய அளவில் கண்டது, உலக வலையில் பெரிய அளவில் தெரிந்தது.

இந்தியாவில் தந்தி 1850-களில் நாடெங்கும் பரவத் தொடங்கி, 2013 ஜூலையில் விடைபெற்றது. 1999-இல் ஒடிசாவைப் புயல் தாக்கியபோதும், 2001-இல் குஜராத்தில் நிலம் நடுங்கியபோதும், 2004-இல் அந்தமானில் கடல் பொங்கியபோதும், மற்ற வழிகள் அறுந்த வேளையில் நம் நாட்டு அமெச்சூர்கள் செய்திகளைச் சுமந்தனர். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் எண்ணிக்கையும் அத்தகைய செய்திகளின் உயிர். 'உயிருடன் உள்ளார்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, தந்திக் கம்பியில் கூடிய அந்த ஒரு புள்ளியினும் பெரிதன்று.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் கருவிகள் மாறின. வேகம் பல்லாயிரம் மடங்கு பெருகிற்று. தந்தி எழுத்தர் திருப்பிப் படித்துக் காட்டியதையே 16 பிட்டுகள் செய்யத் தொடங்கின. எனினும் ஒவ்வொரு தலைமுறையும் தான் வைத்த காவலே கடைசிக் காவல் என்று நம்பிற்று. பிழையோ அக்காவலைத் தாண்டி அடுத்த அறையில் சென்று தங்கிற்று. ஆகவே, சிதைந்த பாக்கெட்டை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'இது எங்கே கெட்டது?' என்பது அன்று. 'இதனைக் கடைசியாகச் சரிபார்த்தது யார்? அவருக்கும் எனக்கும் இடையே இன்னும் என்ன இருக்கின்றது?' என்பனவே. இவ்விரண்டு கேள்விகளும் கணிப்பொறிக்கு மட்டும் உரியன அல்ல. ஒருவர் சொல்லை மற்றொருவருக்குக் கொண்டு சேர்க்கும் எப்பணிக்கும் உரியன.